பனியின்மேல் பழி

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டதும், கலசப்பாக்கம் வட்டாரத்து நெசவுத் தெருக்களில் நாடாவின் ஓசையோடு இருமலின் ஓசையும் சேர்ந்து கேட்கத் தொடங்குகிறது. தறியில் இருப்பவர் முதலில் படுக்கிறார். மூன்றாம் நாள் தார் சுற்றும் பெண் படுக்கிறாள். வாரம் முடிவதற்குள் எதிர்வீட்டுப் பெரியவரும் போர்வையை இழுத்துக்கொள்கிறார். காரணம் கேட்டால் எல்லோரிடமும் ஒரே விடைதான் கிடைக்கும்: பனி ஒத்துக்கொள்ளவில்லை, ஈரக் காற்றுப் பட்டுவிட்டது, மழையில் நனைந்ததன் பலன். மணிலாக் கொல்லையிலிருந்து வரும் அங்கத்தினரும் இதையே சொல்கிறார். தறிக்குழியிலிருந்து எழுந்து வரும் அங்கத்தினரும் இதையே சொல்கிறார்.

நாம் இங்கே ஆராய எடுத்துக்கொண்டது இந்த விடையைத்தான். இது முழுப் பொய்யன்று; முழு உண்மையும் அன்று. இதில் உள்ள பாதி உண்மையை முழுமையாக நம்பி நடப்பதனால் நம்மவர்க்கு நேரும் நஷ்டம் சிறிதன்று என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் நோய் இன்னதென்று தெளிந்துகொள்வோம். மூக்கில் நீர் வடிந்து நாலு தும்மலோடு போகும் ஜலதோஷம் வேறு, இன்புளூயன்சா வேறு. இன்புளூயன்சாவில் திடீரென்று ஜுரம் ஏறும். எலும்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலிக்கும். எழுந்து நிற்கவும் ஆகாத அசதியும் வறட்டு இருமலும் சேர்ந்து கொள்ளும். இதற்குக் காரணமான வைரஸை 1933-இல் லண்டனில் வில்ஸன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்னும் மூவர் பிரித்தெடுத்துக் காட்டினர். அது ஒரு மனிதரின் தொண்டையிலிருந்து மற்றொரு மனிதரின் தொண்டைக்குச் செல்லும் பொருள். மழைத்துளியிலும் பனியிலும் அது பிறப்பதில்லை.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே நடந்த சாட்சி ஒன்று உண்டு. 1957-ஆம் ஆண்டு மே மாதத்தின் நடுவில் சிங்கப்பூரிலிருந்து 'ரஜூலா' என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. சிங்கப்பூரில் அப்போது புதுவகை இன்புளூயன்சா பரவியிருந்தது. கப்பலிலும் ஜுரக்காரர்கள் இருந்தனர். அவர்களோடு நோயும் கரையிறங்கியது. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1950 முதல் இயங்கிவந்த இன்புளூயன்சா மையம் அதைக் கண்காணித்தது. அந்த மையத்தின் மேனன் 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் எழுதிய அறிக்கையின்படி, 1958 பிப்ரவரிக்குள் இந்தியாவில் கணக்கில் வந்த நோயாளிகள் மட்டும் 44 லட்சத்துக்கு மேல். மாண்டவர் ஆயிரத்துக்குச் சற்று மேல். கணக்கில் வராதவர் எத்தனையோ!

அங்கத்தினர்கள் இதில் கவனிக்க வேண்டியது மாதத்தை. மே மாத நடு என்றால் நமக்கு அக்கினி நட்சத்திரம். தார் உருகும் வெயிலில், பனியின் நிழல்கூட இல்லாத காலத்தில், சென்னையிலிருந்து நோய் புறப்பட்டு நாடு முழுதும் சென்றது. 2009-இல் வந்த பன்றிக் காய்ச்சலும் அவ்வாறே. அதன் முதல் நோயாளி நம் நாட்டில் ஐதராபாத்தில் கண்டறியப்பட்டதும் மே மாதத்தில்தான். அதற்கு முன் 1918-இல் வந்த பெருங்கொள்ளை, பம்பாயில் ஜூன் மாதத்தில் தலைகாட்டி, செப்டம்பரில் உக்கிரங்கொண்டு, இந்தியாவில் ஒரு கோடியே இருபது லட்சம் பேருக்குக் குறையாமல் வாரிக்கொண்டு போயிற்று. மழை பொய்த்து உணவு அருகியிருந்த ஆண்டு அது. அந்த ஆண்டில் பனியும் குளிரும் செய்ததைவிட வெறும் வயிறு செய்த தீங்கு பெரிது என்று சொன்னால் மிகையாகாது.

அப்படியானால் குளிருக்கு ஒரு பங்கும் இல்லையா? பாட்டிமார் காதில் துணி கட்டிவிட்டதும், நனைந்த தலையைத் துவட்டச் சொன்னதும் வீண்தானா? வீணென்று நாம் சொல்ல மாட்டோம்.

பட்டுத் தொழில் செய்யும் நமக்குப் பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் அந்நியர் அல்லர். 1865 முதல் சில ஆண்டுகள் பட்டுப்புழுவின் நோய்களை ஆராய்ந்து, பெப்ரின் நோயற்ற முட்டையைப் பொறுக்கியெடுக்கும் வழியைக் காட்டியவர் அவரே. முசுக்கொட்டை பயிரிட்டுப் புழு வளர்க்கும் இடங்களில் இன்றும் முட்டையிட்ட தாய்ப்பூச்சியை உருப்பெருக்கியில் பார்ப்பது அவர் வகுத்த முறையைத் தழுவித்தான். அவர் 1878-இல் கோழியை வைத்து ஒரு சோதனை செய்தார். கோழியின் தேக உஷ்ணம் மனிதனுடையதைக் காட்டிலும் அதிகம். ஆதலால் அடைப்பான் நோய்க் கிருமியை ஊசிமூலம் ஏற்றினாலும் அதற்கு ஒன்றும் நேர்வதில்லை. பாஸ்டர் கிருமி ஏற்றிய கோழியைக் குளிர்ந்த நீரில் நிற்கவைத்து அதன் உஷ்ணத்தைக் குறைத்தார். கோழி இறந்தது. மற்றொன்றைக் குளிரவைத்து, நோய் கண்டவுடன் நீரிலிருந்து எடுத்துப் போர்த்திச் சூடாக்கினார், அது பிழைத்தது. கிருமி இல்லாமல் குளிர்ந்த நீரில் நின்ற கோழியோ நலமாகவே இருந்தது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது. குளிர் நோயைப் பிறப்பிக்கவில்லை. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட நோய்க்குக் கதவைத் திறந்துவிட்டது. புழு வளர்ப்பவர்க்கு இது புதிதன்று. பால்புழு நோயின் கிருமி மனையில் இல்லாவிட்டால், சீதோஷ்ணம் எப்படி மாறினாலும் அந்த நோய் வராது. கிருமி இருந்து, சூடும் ஈரமும் திடீர் திடீரென்று மாறினால் ஒரு வளர்ப்பே போய்விடுகிறது.

மனிதரிடத்தும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வைரஸைக் கண்ட மூவருள் ஒருவரான ஆண்ட்ரூஸ், பிற்காலத்தில் இங்கிலாந்தின் ஸாலிஸ்பரியில் ஜலதோஷ ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபோது, மனமுவந்து வந்தவர்களைக் குளிப்பாட்டி ஈரத்தோடு காற்றில் நிற்கவைத்தும், நனைந்த காலுறையோடு நடமாடவிட்டும் பார்த்தார். அவர்களுக்கு மற்றவரைவிட அதிகமாக ஜலதோஷம் பிடித்ததாகத் தெரியவில்லை. பல காலம் அதுவே முடிவான சொல்லாக இருந்தது. பின்னர் 2005-இல் வேல்ஸ் நாட்டுக் கார்டிப் பல்கலைக்கழகத்தார் 180 பேரைச் சேர்த்தனர். 90 பேர் 10 டிகிரிக் குளிர்நீரில் 20 நிமிஷம் பாதங்களை வைத்திருந்தார்கள். 90 பேர் வெறும் பாத்திரத்தில் காலை வைத்திருந்தார்கள். நாலைந்து நாட்களுக்குள் ஜலதோஷம் கண்டதாகச் சொன்னவர் முதல் கூட்டத்தில் 13 பேர். இரண்டாவதில் 5 பேர். அவர்கள் மூக்கில் கிருமி இருந்ததா என்று இந்தச் சோதனையில் பார்க்கவில்லை. ஆனால் அதை நடத்தியவர்கள் கூறும் விளக்கம் சிந்திக்கத்தக்கது. பாதம் குளிர்ந்தால் தேகம் உஷ்ணத்தைக் காக்க வேண்டி மூக்கின் உள்ளிருக்கும் இரத்தக் குழாய்களையும் சுருக்கிக்கொள்கிறது. காவற்காரர்கள் வரும் வழி குறுகுகிறது. அறிகுறி இன்றிப் பதுங்கியிருந்த கிருமி தலைதூக்குகிறது.

பாதங்களைக் குளிர்நீரில் வைத்திருப்பவர் யார்? குழித்தறி நெசவாளியைத் தவிர வேறு யாரை நினைக்கத் தோன்றும்! ஐப்பசி, கார்த்திகையில் தறிக்குழியில் நீர் ஊறுவது நம் வட்டாரத்தில் வருஷந்தோறும் காணும் காட்சி. நீரை இறைத்துவிட்டு, சாக்கைப் போட்டுக்கொண்டு, ஈர மண்ணில் காலை வைத்து மிதிப்பவர் 20 நிமிஷமா இருக்கிறார்? பகல் முழுதும் இருக்கிறார். நாற்று நடும் பெண்களின் நிலையும் இதற்குக் குறைந்ததன்று. 10 டிகிரி நீர் நம் ஊரில் இல்லைதான்; ஆனாலும் பாதத்தை உலர்வாகவும் வெதுவெதுப்பாகவும் வைத்துக்கொள்வதால் கெடுதல் ஒன்றுமில்லை.

2022-இன் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர் வெளியிட்ட செய்தி ஒன்றும் உண்டு. மூக்கின் உட்தோல், கிருமி வந்ததை உணர்ந்தவுடன் மிக நுண்ணிய குமிழிகளைக் கூட்டங்கூட்டமாய் வெளியே விடுகிறது. அவை கிருமியைத் தம்மேல் ஒட்டவைத்துக்கொண்டு, அது உட்தோலைப் பற்றாமல் தடுக்கின்றன. 4.4 டிகிரிக் குளிரில் 15 நிமிஷம் இருந்தவரின் மூக்கினுள் உஷ்ணம் ஏறக்குறைய 5 டிகிரி இறங்கியது. அந்த அளவு குளிர்ந்த உட்தோல் விடும் குமிழிகள் நூற்றுக்கு 42 பங்கு குறைந்தன. வியப்பான காரியந்தான். ஆனால் அதில் சோதித்தவை ஜலதோஷ வைரஸ்களும் ஒருவகைக் கொரோனா வைரஸும், இன்புளூயன்சா அன்று. பர்வதமலையில் மேகம் படிந்து கிடக்கும் மார்கழி விடியலிலும் நம் சமவெளியில் 4 டிகிரி வருவதில்லை. பாஸ்டனின் குளிரைக் கடன்வாங்கிக் கலசப்பாக்கத்து இருமலுக்குக் காரணம் கற்பிப்பது பொருந்தாது.

இன்புளூயன்சாவையே நேராக வைத்துச் செய்த சோதனை ஒன்றை டோக்கியோ பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்டார்கள். சுண்டெலிகளில் ஒரு கூட்டத்தை 4 டிகிரியிலும், ஒரு கூட்டத்தை 22 டிகிரியிலும், ஒரு கூட்டத்தை 36 டிகிரியிலும் ஒரு வாரம் வைத்திருந்து பிறகு வைரஸை ஏற்றினார்கள். குளிரில் இருந்தவை தளர்ந்துபோகும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? அப்படி நடக்கவில்லை. வைரஸை எதிர்க்கும் அணுக்களையும் எதிர்ப்பொருளையும் குளிரில் இருந்தவை ஒழுங்காகவே உண்டாக்கின. தவறியவை 36 டிகிரியில் இருந்தவை. காரணத்தை ஆராய்ந்தபோது, உஷ்ணம் தாங்காமல் அவை இரை எடுப்பதைக் குறைத்துக்கொண்டது தெரிந்தது. சர்க்கரைச் சத்தும், குடலில் விளையும் சில சத்துக்களும் கொடுத்தவுடன் எதிர்ப்புச் சக்தி திரும்பியது.

சுண்டெலியில் கண்டதை அப்படியே மனிதர்க்குச் சொல்லிவிடலாகாது. ஆயினும் ஜுரம் வந்தவரைப் பட்டினி போடும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். லங்கணம் பரம ஔஷதம் என்று ஒரு தலைமுறை சொல்லிவிட்டுப் போயிற்று. அஜீர்ணத்துக்கு அது பொருந்தலாம். இன்புளூயன்சாவில் படுத்தவருக்குக் கஞ்சியும், பருப்பு ரசம் ஊற்றிக் குழைந்த சோறும், தாராளமாகத் தண்ணீரும் கொடுப்பதே முறை.

சரி, பனி காரணமன்று என்றால், நம் ஊரில் இந்த ஜுரம் ஐப்பசி, கார்த்திகையில் ஏன் திரளுகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2009 முதல் 2013 வரை நாட்டின் பல நகரங்களில் எடுத்த கணக்கு இதற்கு விடை தருகிறது. ஸ்ரீநகரில் இன்புளூயன்சா உச்சம் பெற்றது ஜனவரி முதல் மார்ச் வரை. அங்கே அது உறைபனிக் காலம். டில்லி, லக்னோ, நாகபுரி முதலிய இடங்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரை, அங்கே மழைக்காலம். சென்னையிலும், நமக்கு அண்மையிலுள்ள வேலூரிலும் அக்டோபர், நவம்பர். இங்கே வடகிழக்குப் பருவமழை. காஷ்மீரம் நீங்கலாக மற்ற இடங்களில் நோய் பின்தொடர்வது மழையைத்தான். மழை வந்தால் நாம் செய்வதென்ன? கதவை அடைக்கிறோம். சன்னலை அடைக்கிறோம். தறியும் அடுப்பும் தொட்டிலும் உள்ள ஒரே அறைக்குள் ஆறு பேர் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

2007, 2008 ஆண்டுகளில் நியூயார்க்கில் கினிப்பன்றிகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். 5 டிகிரியில் உலர்ந்த காற்று வழியாகவே வைரஸ் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாராளமாய்ச் சென்றது. 30 டிகிரியில் காற்று வழியாகச் செல்லவில்லை. ஆனால் ஒரே கூட்டில் உடன்வைத்த பிராணிக்கு அப்போதும் தொற்றியது. நம்மைப் போன்ற உஷ்ணப் பிரதேசத்தார்க்கு இதில் பாடம் இருக்கிறது. நெருக்கமும் தொடுகையுமே இங்கே பெரிய வழி. இருமிய கையால் தொட்ட துணியில் இந்த வைரஸ் அரை நாள் வரை உயிரோடு இருக்கலாம். இரும்பு, பிளாஸ்டிக் போன்ற வழுவழுப்பான பரப்பில் ஒரு நாளுக்கு மேலும் இருக்கலாம். தை மாதத்து ரத சப்தமியன்று அண்ணாமலையார் நம் செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் விடியலில் கூடும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து இருமுகிறவர் ஆற்று நீரைக் குறைசொல்கிறார். தோளோடு தோள் இடித்து நின்றவரை அவர் நினைப்பதில்லை.

பனியின்மேல் பழி போடுவதால் வரும் தீமை இதுதான். ஜுரத்தோடு இருப்பவர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டால் பத்தியம் முடிந்ததாக எண்ணுகிறார். முடித்த சேலையை மடித்து எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வருகிறார். பாவும் ஊடையும் வாங்கக் காத்திருக்கும் பத்துப் பேரோடு சிறிய கூடத்தில் அமர்கிறார். அவர் இருமிய கை தொட்ட சேலையைத் தரம் பார்ப்பவர் தடவிப் பார்க்கிறார். அடுத்த வாரம் நாலு தெருவில் தறி நிற்கிறது.

அவரைக் கடிந்து பயனில்லை. நெசவாளிக்கு மாதச் சம்பளம் இல்லை. நெய்த அளவுக்குக் கூலி. மூன்று நாள் படுத்தால் மூன்று நாட் கூலி போயிற்று. அறுவடை நாளில் படுக்கும் கூலியாளுக்கும் அதே கதி. வீட்டில் கிட, ஓய்வெடு என்று உபதேசம் செய்வது எளிது. உபதேசத்தால் உலை கொதிக்காது. இந்த நோய் கண்டவர் பிறருக்கு மிகுதியாகப் பரப்புவது, ஜுரம் வருவதற்கு முந்தின நாள் தொடங்கி முதல் மூன்று நான்கு நாட்கள். அந்தச் சில நாட்களுக்கு ஒருவரைத் தறியிலிருந்தும் கூட்டத்திலிருந்தும் விலக்கி வைப்பதற்காகும் செலவு, ஒரு தெருத் தறிகள் முழுதும் ஒரு வாரம் நிற்பதன் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அற்பம். தனி மனிதர் தாங்க முடியாத இத்தகைய சிறு செலவைச் சேர்ந்து தாங்குவதற்குத்தானே கூட்டுறவு என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்?

ஆகையால் பொது நன்மை நிதி வைத்திருக்கும் சங்கங்கள், விதிகள் இடந்தரும் அளவில், ஜுரத்தில் படுத்த அங்கத்தினருக்கு நாலு நாட் கூலியை முன்பணமாகவேனும் கொடுக்க வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை, உடல் நலமில்லாதவர் தாமே வராமல், வீட்டில் நலமாக உள்ள ஒருவரை அனுப்பிச் சேலை ஒப்படைக்கவும் நூல் வாங்கவும் அனுமதிக்க வேண்டும். இரண்டாவதற்குக் காலணா செலவில்லை; எழுத்தர் ஒப்புக்கொண்டால் போதும்.

சன்னல் விஷயத்தில் நெசவாளியின் கட்சியையும் நாம் அறிவோம். ஈரக் காற்றில் பாவு நமுத்துத் தொய்ந்துவிடும். சாரல் பட்டால் பட்டில் கறை விழும். ஆதலால் மழை அடிக்கும் பக்கத்தை அடைத்துவிட்டு எதிர்ப்பக்கத்தைத் திறந்துவைக்கலாம். மழை விட்ட நேரங்களில் இரண்டு பக்கமும் திறந்துவிட வேண்டும். இருமுகிறவரும் கைக்குழந்தையும் ஒரே மூலையில் படுக்கலாகாது.

தடுப்பூசி ஒன்றும் இருக்கிறது. வைரஸ் ஆண்டுதோறும் உருமாறுவதால் ஊசியையும் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டபின் பலன் தர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். நம் பக்கத்தில் நோய் மழையோடு வருவதால், புரட்டாசி நடுவுக்குள் போட்டுக்கொண்டால்தான் பயன். குழந்தைகளுக்குச் சர்க்கார் இலவசமாகப் போடும் தடுப்பூசி வரிசையில் இது இல்லை. விலை கொடுத்து வாங்கினால் சில நாட் கூலி கரைந்துவிடும். எல்லோருக்கும் இயலாவிட்டாலும் முதியவர், கர்ப்பிணிகள், இரைப்பு நோயும் நீரிழிவும் உள்ளவர் ஆகியோருக்காவது சங்கத்தின் உதவியோடு ஏற்பாடு செய்யலாம். இவர்களுக்கு ஜுரம் கண்டால் பனிக்கு மருந்து என்று கடையில் மாத்திரை வாங்கி நாள் கடத்தலாகாது. பாக்டீரியாவைக் கொல்லும் ஆண்டிபயாடிக் மருந்து வைரஸைத் தொடாது. வைரஸுக்கென்று உள்ள மருந்து முதல் இரண்டு நாட்களுக்குள் கொடுத்தால்தான் நன்கு வேலை செய்யும். மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, விட்ட ஜுரம் மீண்டும் ஏறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தறிக்குழியைப் பற்றி ஒரு வார்த்தை. குழியின் உட்புறத்துக்குச் செங்கல் கட்டிச் சிமெண்டு பூசுவதும், வெளி நீர் உள்ளே வராதபடி வீட்டுத் தரையை ஒரு சாண் உயர்த்துவதும் பெருஞ்செலவான காரியங்கள் அல்ல. ஆனால் மழைக்குப் பின் பேசினால் ஆகாது. ஆடி, ஆவணியில் தரை உலர்ந்திருக்கும்போதே எந்தெந்த வீட்டில் நீர் ஊறுகிறது என்று பட்டியல் எடுத்து, வரும் மகாசபையில் வைக்கும்படி நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.